தாராவியின் அலுமினியக் கட்டி

மும்பை தாராவியின் பதிமூன்றாம் காம்பவுண்டில் வார்க்கும் அலுமினியக் கட்டியைப் போல் மதிக்கத்தக்க பொருள் குறைவு. குளிர்பான டின், நசுங்கிய சட்டி, கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம் எல்லாம் காயலான் கடைகள் வழியாக வந்து, தரம் பிரிந்து, உலைக்குப் போகின்றன. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுமினியத்துக்கு 660 போதும். மேலே மிதக்கும் கசடை வழித்ததும் வெள்ளியாய்த் தளும்பும் அந்தக் குழம்பு தனி அழகு. பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினியத்தைப் புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே இப்படிப் பழையதை உருக்கப் போதும். புகையிலும் அனலிலும் நின்று வார்ப்பவருக்கு முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம் கிடைக்க வேண்டும். மாட்டுங்கா, செம்பூர்வாசிகளே, காலி டின்னைக் குப்பையோடு கலக்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.