ஒரு முத்திரையும் ஒரு முடிபும்

இந்து சமயத்தின் தோற்றத்தை ஆராய்வோர் மொகஞ்சதாரோவிற் கிடைத்த சிறு முத்திரையொன்றை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. கொம்பணிந்து, கால்மடித்து ஆசனத்தமர்ந்த உருவம். சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை. சேர் ஜோன் மார்ஷல் 1931இல் வெளியான தமது நூலில் அதனைச் சிவனின் முன்னுருவம் என்றார். மூன்று முகம், யோக இருக்கை, விலங்குகளின் தலைமை என்பன அவர் காட்டிய சான்றுகள். ஊகமாகப் பிறந்த இக்கூற்றுப் பாடநூல்களில் உண்மையாகவே நிலைபெற்றுவிட்டது.

இவற்றுள் மிகவும் வலுக்குன்றியது பசுபதி என்னும் பெயர்ப்பொருத்தமே. வேத வழக்கிற் ‘பசு’ என்பது பெரும்பாலும் வளர்ப்பு விலங்கையும் வேள்வி விலங்கையுமே குறிக்கும். புலியும் காண்டாமிருகமும் அவ்வகையின அல்ல. கொம்போ எருமையினது எனப் பலர் கொள்வர். சிவனோடு இணைத்துப் பேசப்படுவது இடபம். 1970களில் டோரிஸ் சிறினிவாசன், அல்ஃப் ஹில்ற்றபைற்றல் ஆகியோர் மார்ஷலின் முடிபை மறுபரிசீலனை செய்தமை இங்கு கருதத்தக்கது.

யோக இருக்கையை அவ்வாறு எளிதிற் புறந்தள்ளல் இயலாது. வேறு சில முத்திரைகளிலும் அது காணப்படுதலின், அதற்குச் சமயப்பொருள் இருந்திருத்தல் கூடும். ஆயினும், சிந்துவெளி எழுத்து ஐயமற வாசிக்கப்படாத நிலையில் அவ்வுருவத்துக்குச் சிவன் எனப் பெயரிடுவது, பின்னைய சைவத்தை ஏறத்தாழ 2000 ஆண்டு பின்தள்ளி வைப்பதாகும். இருக்கு வேதத்து உருத்திரனை விரிவாக ஆராயாது, சைவத்தின் தொன்மைக்கு இம்முத்திரை ஒன்றையே சிலர் பற்றிநிற்பது விந்தையே.