பூச்சி தெரிகிறது, செடி எங்கே?

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் வழியில், குன்னத்துகால், காரக்கோணம் பக்கத்து வீட்டுப் புரையிடங்களில் கறிவேப்பிலை நிற்கும், வேலியோரம் கிருஷ்ணகிரீடம் பூத்திருக்கும், அதற்கப்பால் ரப்பர். பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. காட்டுக்குப் போக வேண்டாம், வனத்துறை அனுமதி வேண்டாம். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸைத் தலைகீழாக மாட்ட ஒரு வளையம் போதும். அதுவும் இல்லாதவர்கள் செல்போனில் கவ்வி நிற்கும் குட்டி லென்ஸோடு இறங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை, அது கொலையை ஒதுக்கியது. திருவிதாங்கூர் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியலை எச். எஸ். ஃபெர்குசன் 1891-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1892 தொடங்கி 1896 வரை ஹாம்ப்சன் இந்திய அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் விவரித்தார். வலை, நச்சுப் புட்டி, குண்டூசி ஆகிய மூன்றும் இல்லாமல் அந்தக் காலத்து வேலை நடந்திருக்காது. இன்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே 2010-இல் தொடங்கிய இந்திய வண்ணத்துப்பூச்சிகள் இணையதளத்துக்கு, தேதியும் இடமும் குறித்த ஒரு நல்ல படமே சான்றாகிவிடுகிறது. ரப்பர் வெட்டப் போகிறவரும் சான்று தரலாம். சேகரிக்கும் வெறி அதற்காக ஓய்ந்துவிடவில்லை. 2020 மே மாதம் இலங்கையின் யால தேசியப் பூங்காவில் இரண்டு இத்தாலியர்கள் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்டார்கள். அந்த வெறிக்கு எதிரே படமெடுக்கும் கூட்டம் எவ்வளவோ மேல்.

ஆனால் குறைகளும் இதே கருவிக்குள்ளிருந்துதான் முளைக்கின்றன. பூச்சியை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழவைக்கும்போது, எஃப் 11 என்று துவாரத்தைச் சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாது. கண் தெளிந்தால் இறகு மங்கும். அதனால் பத்திருபது படங்களை வேறுவேறு ஆழத்தில் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறார்கள். அதற்குப் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும். விடியற்காலையில், பனி நனைத்த புல்லில், உடம்பு சூடேறாத பூச்சி தானாகவே அசையாது. அந்நேரம் எழுந்திரிக்கச் சோம்பல்படுகிறவர்தான் பூச்சியைக் குளிர்பெட்டிக்குள் வைத்து விறைக்கவிடுகிறார். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது லேசல்ல. மேலே தெளித்த தண்ணீரும் பனித்துளி போலவே மின்னும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது கறுத்த பின்னணி. ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் கூடக்கூட மளமளவென்று தேய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பூச்சி ஜொலிக்க, ஒரு சாண் தள்ளியிருக்கும் இலை இருட்டில் போய்விடும். அந்தக் கறுப்பை அழகென்று பழகிக்கொண்டோம். மரியா சிபில்லா மெரியன் 1705-இல் சூரினாம் பூச்சிகளைப் பற்றிய ஓவிய நூலை வெளியிட்டபோது, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி மூன்றையும் செடியோடு சேர்த்து ஒரே பக்கத்தில் வரைந்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அவரிடம் இல்லாத கருவிகளை வைத்துக்கொண்டு நாம் செடியைக் கத்தரித்துவிட்டோம்.

செடி போனால் என்ன போகிறது என்பதற்குக் கறிவேப்பிலையே சாட்சி. காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். இளம் புழு காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும்; பறவை திரும்பிப் பார்க்காது. வளர்ந்த புழு பச்சை, தோள்பக்கம் பொய்க்கண். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு பிதுங்கும், கூடவே ஒரு காரமான நெடி. அது பயந்துபோய்க் காட்டும் எதிர்ப்பு; படத்துக்காகத் திரும்பத் திரும்பச் சீண்டுவது அக்கிரமம். இந்த இனத்தின் பெண்களில் சில, காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற வேறு இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் வேஷம் போடும். இங்கே நெருக்கப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்: வேஷம் போட்டதற்கு உடம்பு கறுப்பு, அசலுக்குச் சிவப்பு. பறக்கும்போது தவறவிடும் அந்த வித்தியாசம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் வேஷம் எதற்கு? அசல் பூச்சிகள் புழுவாக இருக்கையில் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. நஞ்சு இல்லாத மார்மன், நஞ்சுள்ளதைப் போல நடித்துப் பிழைக்கிறது. கதையின் ஒரு பாதி கறிவேப்பிலையில், மறு பாதி ஈஸ்வரமூலியில். இறகை மட்டும் எடுத்தவர் படத்தில் இரண்டும் இல்லை.

அரசாங்கச் சுவரொட்டிகளும் இப்படித்தான். கேரளம் 2018-இல் புத்தமயூரியையும், தமிழ்நாடு 2019-இல் தமிழ் மறவனையும் மாநில வண்ணத்துப்பூச்சிகளாக அறிவித்தன. இறகின் படம் எல்லோருக்கும் தெரியும். புத்தமயூரியின் புழு தின்னும் முள்ளிலம் எது, தமிழ் மறவனின் புழு வளரும் மரோட்டி எது என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள்? மரோட்டி எண்ணெயில் விளக்கேற்றிய ஊர்களிலேயே இந்த நிலை. ரப்பருக்காக வேலியோரத்தைச் சுத்தமாக்கும்போது முதலில் போவது இந்த மாதிரிக் கொடியும் மரமும்தான்.

அழகில்லாததை ஒதுக்குவது இன்னொரு கோளாறு. உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று பெருகும் முப்ளி வண்டு, கோடை மழைக்குப் பின் வீட்டுக் கூரையில் மூட்டைமூட்டையாக வந்து அடைகிறது. ரப்பர் நாட்டின் நிலவரத்தை அதைவிட நன்றாகச் சொல்லும் பூச்சி வேறில்லை. அதைத் துடைப்பத்தால்தான் சந்திக்கிறோம். அந்துப்பூச்சிகளிலும் இதே பாரபட்சம். இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. லென்ஸ் தேடுவதோ அட்லஸ் மாதிரிப் பெரிய இறகுகளை. சாம்பல் நிறத்துக் குட்டிகளில் பலவற்றை உடலுறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் இனம் பிரிக்கவே முடியாது. அந்த இடத்தில் செல்போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதிவைப்பது, பெயரில்லாமல் விடுவதைவிட மோசம்.

இரவில் அந்துப்பூச்சிகளை வரவழைக்க வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயே இயங்காத அட்லஸ், புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம் போல வாழ்கிறது. துணை தேட வேண்டிய ஓர் இரவை விளக்கடியில் கழிப்பது அதற்குச் சின்ன நஷ்டமில்லை. விடிந்ததும் துணியில் ஒட்டியிருப்பவற்றைக் கரிச்சான் குருவி பொறுக்கித் தின்னும். நள்ளிரவோடு விளக்கை அணைத்துத் துணியை உதறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியலில் ஒன்றிரண்டு இனம் குறைந்தால் குடிமுழுகிப் போகாது.

திருத்தம் ஒன்றும் பெரிய காரியமில்லை. நெருக்கப் படத்துக்குப் பிறகு இரண்டடி பின்வாங்கி, ஃப்ளாஷை அணைத்து, இலையும் கிளையும் தெரிய இன்னொன்று. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். கோப்பாக அனுப்பினால் நிற்கும். போட்டி நடத்துகிறவர்களும் மனது வைக்க வேண்டும். கூட்டிலிருக்கும் பறவையின் படத்தை இந்தியாவில் பல போட்டிகள் ஏற்பதில்லை. அதனால் கூடுகளை மொய்ப்பதில் இருந்த கவர்ச்சி குறைந்தது. பூச்சிப் படப் பிரிவில் செடி தெரியும் இரண்டாவது படத்தையும் சேர்த்துக் கேட்டால், பரிசுக்கு ஆசைப்படுகிறவராவது ஈஸ்வரமூலி எங்கே படர்கிறது என்று விசாரிக்கத் தொடங்குவார்.