தவறணையின் மூச்சு

கொத்மலையில் காலைப் பனி விலகுமுன் தேயிலை நாற்று வளர்க்கும் ஒரு தவறணைக்குள் போய்ப் பாருங்கள். வளைத்து ஊன்றிய மூங்கில் கீற்றுகள்மேல் பொலித்தீன் கூடாரம். உள்ளே சின்னச் சின்னப் பைகளில் ஓர் இலையும் சிறு தண்டுமாக நிற்கும் வெட்டுத்துண்டுகள். பொலித்தீனின் உட்புறமெங்கும் முத்து முத்தாய் நீர். வேரில்லாத அந்த இலையை வாடாமல் காப்பது இந்த ஈரம்தான்.

லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் 1829இல் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் கண்டதும் இதையே. அதிலிருந்து பிறந்து அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில்தான் தாவர சேகரிப்பாளர் ரொபர்ட் போர்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்.

தவறணையில் மூடுவது பாதி வேலைதான். வேர் பிடித்தபின் திறப்பதே கைப்பக்குவம். ஒரேயடியாகத் திறந்தால் கன்று வாடிவிடும். மூடியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு, நாளுக்கு நாள் காற்றைக் கூட்டி, பிறகு மேல்நிழலையும் மெல்லக் குறைப்பார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்தில் கன்று மலைக்குப் போகத் தயார்.

பல பத்தாண்டுகள் கொழுந்து தரப்போகும் செடிக்கு முதல் காற்றை அளந்து ஊட்டுகிற கைகள் அவை. தேநீரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.