'சூரியனின் கீழ்': ஓர் ஆவணப் படமும் ஒரு சிறுமியும்

வட கொரியாவின் அன்றாட வாழ்வைக் காட்ட முனைந்த ஆவணப் படங்களுள் விட்டாலி மான்ஸ்கியின் 'சூரியனின் கீழ்' (2015) தனித்து நிற்பது. திரைக்கதையும் படப்பிடிப்பு இடங்களும் அரசு தந்தவை. பத்திரிகையாளரான தந்தை, படத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பொறியாளர் ஆகிறார். குடும்பம் உணவருந்தும்போது மேலும் மகிழ்ச்சியாகப் பேசுமாறு அதிகாரிகள் திருத்துகின்றனர். அவ்வொத்திகைகளின்போதும் படக்கருவியை நிறுத்தாதிருந்தமையே மான்ஸ்கியின் திறம். அதிகாரிகள் தணிக்கை செய்யுமுன் பதிவுகளை மறைவாகப் படியெடுத்தும் வைத்தார்.

கல்வி அதிகாரி வரும் நாளில் நம் கெடாத் தோட்டப் பள்ளிகள் பூணும் கோலத்தை அறிந்தவர்க்கு இப்பூச்சு புதிதன்று. பதக்கங்கள் அணிந்த முதியவர் போர்க்கதை சொல்ல, எட்டு வயதுச் சிறுமி இமைகளோடு போராடுகிறாள். அங்கேதான் அந்நாடு தெரிகிறது. தூக்கத்துக்கு ஒத்திகை ஏது!

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. இறுதியில் அவள் அழுகிறாள். நல்லது எதையேனும் நினைக்கச் சொல்கின்றனர், தெரியவில்லை என்கிறாள். கவிதை கேட்டதும் சிறுவர் சங்க உறுதிமொழியை ஒப்பிக்கிறாள். இக்கண்ணீரோடு இயக்குநர் வெளியேறிவிட்டார். அவளும் பெற்றோரும் பியோங்யாங்கிலேயே தங்கினர். படத்தின் பெருமையை மறுக்காமலே இதைக் குறையென்பேன்: அக்குடும்பம் இசைந்தது அரசின் படத்துக்கு; இந்தப் படத்துக்கன்று.