பிழையிலிருந்து பிறந்த பாத்திரம்

இரண்டாம் உலக யுத்தத்தின் அந்திமக் காலத்தில் கடலில் வீழ்ந்து பனிக்கட்டியில் உறைந்து கிடந்த சித்திரக்கதை வீரன் கேப்டன் அமெரிக்காவை, 1964-ஆம் ஆண்டில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'அவெஞ்சர்ஸ்' நான்காம் இதழில் மீட்டெடுத்தபோது, அதே வீரன் 1953, 1954-ஆம் வருஷத்துச் சித்திரக்கதைகளில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடித் திரிந்த விருத்தாந்தம் அந்தரத்தில் தொங்கலாயிற்று. உறைந்து கிடந்தவன் எப்படி உலாவினான்?

இக்கேள்விக்கு 1972-இல் கதாசிரியர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் கண்ட சமாதானத்தை நினைக்குந்தோறும் எனக்குப் பரவசம் உண்டாகிறது. ஐம்பதுகளில் உலாவியவன் அசல் வீரனல்லன். அவ்வீரன்மீது கொண்ட பக்தியின் மிகுதியால் அவன் பெயரையே தரித்து, சத்திரசிகிச்சையால் அவன் முகத்தையே அணிந்து, உரிய கதிர்ச் சிகிச்சையின்றி வீரிய மருந்தை மட்டும் உடலில் ஏற்றிக்கொண்டதனால் சித்தம் பேதலித்து, எங்கும் துரோகிகளையே கண்ட வேறொரு மனிதன் அவன். ஓட்டையை அடைக்க வந்த யுக்தி, ஒரு காலத்தின் பயத்துக்கும் வெறிக்கும் முகம் தந்துவிட்டது. ஓவியர் ஸால் புஸெமாவின் கோடுகளில் அசலும் நகலும் எதிரெதிரே நின்று மோதுகையில், தேசபக்தியின் இரு வடிவங்களை அல்லவா காண்கிறோம்! இத்தகைய முரண்களிலிருந்து, நடந்தது வேறு பூமியில், அல்லது வெறும் கனவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் சுலப மார்க்கங்களும் உண்டு; அவற்றில் எனக்கு அத்தனை ருசியில்லை. இங்கோ பழைய ஏடு ஒன்றேனும் கிழிக்கப்படவில்லை. அன்று சிறுவர்கள் படித்த யாவும் நடந்தவையே, நடத்தியவன் மட்டும் வேறொருவன்.