டவர் போனால் என்ன, அரட்டை ஓடும்!

உலகத்திலேயே அழகான செயலி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: நானும் அக்கா மகனும் பைத்தானில் எழுதிய அரட்டைச் செயலி. படம் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, நீல டிக் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். ஆனால் முதல் வரி ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய் விழுந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்!

நீலகிரி ஆடி மழை தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. எங்கள் குன்னூர்ப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் சில்வர் ஓக் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் போதும், கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். எங்கள் எஸ்டேட் குடியிருப்பில் அப்போது உயிரோடு இருப்பது இன்வெர்ட்டரும் அதில் மாட்டிய ரௌட்டரும்தான். இணையம் இல்லாத ரௌட்டர் எதற்கு என்கிறீர்களா? அதற்குத்தான் சாக்கெட், இரண்டு நிரல்கள் வலை வழியாகப் பேசிக்கொள்ளும் வாசல்!

ஒரு லேப்டாப் சர்வர். அது பைண்ட் செய்து தனக்கு ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நாங்கள் 5000 வைத்தோம். பிறகு லிசன், அப்புறம் அக்செப்ட். யாராவது வரும்வரை நிரல் அந்த வரியிலேயே நிற்கும். அடுத்த அறையிலிருந்து அக்கா மகன் 192.168.1.5 என்ற முகவரிக்கு கனெக்ட் கொடுத்தான். "மாமா, வருதா?" என்று வாயால் கத்தினான், அதே கேள்வி என் திரையிலும் வந்து நின்றது. இடையில் எந்தக் கம்பெனியும் இல்லை, கணக்கு தொடங்கவில்லை, செல் நம்பர் கேட்கவில்லை. பைத்தானோடு கூடவே வருகிற இரண்டு நூலகங்கள் போதும்!

ஒரே நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் தனி ஓட்டம்தான் த்ரெட்; அதன் அருமை அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். நீங்கள் தட்டச்சு செய்து என்டர் அடிக்கும்வரை இன்புட் வரி நிரலைப் பிடித்து வைத்திருக்கும். அதுவரை எதிராளி அனுப்புவது எதுவும் திரைக்கு வராது. கேட்பதற்கென்று தனியாக ஒரு த்ரெட்டைக் கிளப்பிவிடுங்கள், பேச்சும் கேட்பும் ஒன்றாக நடக்கும். சர்வரில் ஆளுக்கொரு த்ரெட். ஆனால் எல்லா த்ரெட்டும் தொடுகிற பொதுப் பட்டியல் ஒன்று உண்டு: யார் யார் இருக்கிறார்கள் என்பது. ஒரு த்ரெட் அதைச் சுற்றிவந்து செய்தி அனுப்பும்போது இன்னொன்று வெளியேறியவரின் பெயரை நீக்கினால், நடுவில் ஒருவருக்குச் செய்தி போகாமல் தாண்டிவிடும். அதற்குத்தான் லாக். எங்கள் மலை ரயிலின் ஒற்றைத் தண்டவாளம் மாதிரி: ஒரு வண்டி உள்ளே இருந்தால் எதிர்வண்டி ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும்.

நான் சொக்கிப்போன இடம் இனிமேல்தான். 'குன்னூர்' கண்ணுக்கு நான்கு எழுத்து; எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது 24 பைட்! கு என்பதே க-வும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சாக்கெட்டுக்கு அடியில் பைட்டுகளைச் சுமக்கும் டிசிபி-க்கோ செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவந்து கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. 1024 பைட் வரை வாங்கு என்று பாடப் புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும். 1024-ஐ மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே நீண்ட தமிழ்ச் செய்தியில் ஒரு எழுத்து பாதியிலேயே வெட்டுப்பட்டு, பைத்தான் பிழை காட்டிப் படுத்துவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் அரட்டை அடிப்பவர்களுக்கு இந்தச் சுவாரசியம் வாய்க்கவே வாய்க்காது! மருந்து எளிது: ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் புதுவரிக் குறி வையுங்கள், அது வரும்வரை பைட்டுகளைச் சேர்த்துவைத்து, பிறகு எழுத்தாக்குங்கள். அந்தக் குறியின் பைட் எந்தத் தமிழ் எழுத்தின் நடுவிலும் வராதபடி யுடிஎஃப்-8-ஐ அமைத்திருக்கிறார்கள். அமைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்!

பைண்ட், லிசன், அக்செப்ட் எல்லாம் 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழியாகப் பரவியவை. 1988-இல் ஃபின்லாந்தின் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐஆர்சி அரட்டையும் சாக்கெட் மேல்தான் ஓடியது. அந்தக் கட்டளைகளை அதே பெயரில் இன்று நம் வீட்டில் தட்டச்சு செய்கிறோம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அனுப்புவது மறைகுறியாக்கம் இல்லாமல் பச்சையாகப் போகும், அதனால் வீட்டு வலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறைக்காரரின் கனெக்ட் காத்திருந்து காத்திருந்து தோற்றுப்போகும்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது ஆளாக அக்காவும் சேர்ந்தாயிற்று. "சாப்பாடு ரெடி, ரெண்டு பேரும் சர்வரை நிறுத்திட்டு வாங்க" என்று அடுப்படியிலிருந்தே அடிக்கிறாள்!