நிலவிலே நிற்கும் மதுவிலக்கு

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டில் புதிதாக வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அது. நாடு முழுவதற்கும் 361. வட மாகாணத்துக்கு 32. அந்த 32இல் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16. போரினால் வீடும் வயலும் இழந்து மீளக் குடியேறிய மக்கள் வாழும் மாவட்டத்துக்கு இத்தனை மதுச்சாலைகள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. எவர் சிபாரிசு செய்தார், எவர் பெயரில் எவர் பெற்றார் என்ற கூச்சலும் உடன் எழுந்தது. தேர்தல் ஆண்டொன்றில் அனுமதிப்பத்திரம் அரசியல் நாணயமாகிவிட்டது என்பதை இனியும் எவரும் மறுப்பதற்கில்லை. விதிகளைத் திருத்து, புதிய ஒழுங்கு கொண்டுவா என்று மேடைகள் முழங்குகின்றன. மதுவிலக்கு என்ற பழைய சொல்லும் தூசி தட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வேளையில் நாம் ஒரு பழைய சிறுகதையை மீண்டும் எடுத்துப் படிக்க விரும்புகிறோம். என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ என்பது அதன் பெயர். ஈழத்து முற்போக்கு இலக்கியம் பேசுவோர் எல்லாரும் சாதிக்கொடுமைக் கதை என்று அதனைப் போற்றுவர். அது உண்மை. ஆனால் கதையின் நாயகர் வெறும் சாதிமான் அல்லர். அவர் மதுவிலக்குப் பிரசாரகர் என்பதைப் பலரும் போகிற போக்கிற் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றனர். எமக்கோ அதுவே கதையின் முள்ளாகப் படுகிறது. மேடையில் மக்கள் நலம் பேசிவிட்டு வீடு திரும்பிய பெரியவரைக் காணத் தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர் வருகின்றனர். உள்ளே அழைத்தால் வீடு தீட்டுப்படும். அழைக்காவிட்டால் மேடைப்பேச்சு பொய்யாகும். பெரியவருக்கு வழி கிடைத்துவிடுகிறது. வெளியே நல்ல நிலவு. அங்கே போயிருந்து பேசலாம் என்கிறார்.

இதனை ஒரு தனிமனிதரின் பாசாங்கு என்று மட்டும் வாசித்தால் கதை சிறுத்துவிடும். மது பற்றிய சட்டமும் சீர்திருத்தமும் இந்நாட்டில் எவ்விடத்தில் நின்று பேசப்பட்டன என்பதையே ரகுநாதன் காட்டியிருக்கிறார். பேச்சு நடக்கிறது, அது வீட்டுக்கு வெளியே நடக்கிறது. வீட்டின் உள்ளே முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

சரித்திரத்தைச் சிறிது திருப்பிப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயமும் கள்ளும் குத்தகைக்கு விடப்பட்டன. கொழும்பின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் இந்தச் சாராயக் குத்தகையிலேயே திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அதற்கு எதிராகப் பெரியதொரு மதுவிலக்கு இயக்கமும் எழுந்தது. அந்த இயக்கம் அந்நிய ஆட்சியை அசைத்தது என்பதிலும், 1915இல் அதன் தலைவர்கள் சிலர் சிறைசென்றனர் என்பதிலும் ஐயமில்லை. எனினும் சாராயத்தாற் செல்வந்தரான வர்க்கமே பின்னர் குடிப்பவனுக்கு ஒழுக்கம் போதிக்கவும் முன்வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

யாழ்ப்பாணத்தில் இக்கதை வேறொரு வடிவம் கொண்டது. இங்கே மதுவென்றால் முதலிற் பனங்கள். கள்ளென்றால் சீவற்றொழிலாளர். 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகள் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருங்கே வற்புறுத்தினார். யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் முதலாவதைக் கைகூப்பி ஏற்றனர். இரண்டாவது அவர்கள் செவியில் விழவில்லை. வாலிபர் காங்கிரசைச் சேர்ந்த சிலரை இதற்கு விதிவிலக்காகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குக் கள்ளு ஒழிய வேண்டியிருந்தது. கள்ளிறக்கியவன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. மரத்தால் இறங்கியபின் அவன் என்ன உண்பான் என்பது மேடையில் எழாத கேள்வி. அந்தக் கேள்வி எழக்கூடிய இடத்தில்தான் ரகுநாதனின் பெரியவர் எழுந்து நிலவுக்குப் போகிறார்.

புங்குடுதீவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் பனையும் உப்புக்காற்றும் நிறைந்தது அது. கடல் சூழ்ந்த அம்மண்ணில் நல்ல தண்ணீர் அரிது. நல்ல தண்ணீர்க் கிணறு எவர் வசமிருக்கிறதோ அவர் கையிலேயே ஊரின் கழுத்தும் இருந்தது. இத்தீவிற் பிறந்தவர் மு. தளையசிங்கம். முற்போக்கு எழுத்தாளரோடு கடுமையான கருத்துப்போர் நடத்தியவர் அவர். அவருடைய ஆன்மிக முடிபுகளை நாம் ஏற்பவர்களல்லர். ஆயினும் 1971இல் தாழ்த்தப்பட்ட மக்களும் நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமைக்காகத் தமது ஊரிலேயே நின்று போராடி, பொலிஸாரின் தாக்குதலுக்கு ஆளாகி, 1973இல் நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தவர் அவர். முற்போக்கு என்று பெயர் சூடிய எம்மிற் பலர் கட்டுரையோடு நின்றுவிட்டபோது அவர் கிணற்றடிவரை நடந்தார்.

அந்தக் கிணற்றடியையும் கள்ளுக்கொட்டிலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தொழிலாளி நாளுக்கு இருமுறை பனையேறுகிறான், பாளை சீவுகிறான், முட்டியை இறக்குகிறான். அவன் இறக்கியதைப் பிளாவில் வாங்கி உயர்சாதியார் குடித்தனர். அவன் கைபட்ட கள்ளிலே தீட்டு இல்லை. அவன் கைபட்ட வாளியிலே தீட்டு இருந்தது! குடிப்பழக்கத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எவர் நூலெழுத முற்பட்டாலும் முதல் அத்தியாயத்தை இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பொருளாதாரத்தைப் பார்ப்போம். கள்ளு ஊரோடு கட்டுண்ட பண்டம். காலையில் இறக்கியது மறுநாட் புளித்துவிடும்; பெட்டியில் அடுக்கித் தூரதேசத்துக்கு அனுப்பவும் சேர்த்து வைத்துப் பதுக்கவும் அது ஒத்துவராது. அதன் வெறியம் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். போத்தற் சாராயத்தினது அதைப்போல் ஆறேழு மடங்கு. முட்டியிற் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அதே பாளை கருப்பணி தரும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். ஆகவே கள்ளில் விழும் காசு பெரும்பாலும் அதே ஊரிற் சுற்றுகிறது. போத்தலில் விழும் காசோ வடிசாலை முதலாளிக்கும், அனுமதிப்பத்திரக்காரனுக்கும், திறைசேரிக்கும் பங்காகி ஊரைவிட்டுப் போய்விடுகிறது. 1970களில் தனியார் தவறணைக்காரரின் பிடியிலிருந்து தொழிலை விடுவித்துச் சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டதும், 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியதும் இந்த அடிப்படையிலேதான். தொழிலாளி தன் பண்டத்துக்குத் தானே விலைகூறத் தொடங்கிய காலம் அது. அந்தச் சங்கங்களைப் போர் நொறுக்கியது. போருக்குப்பின் வந்தவை மதுச்சாலைகள்.

கள்ளைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. கள்ளும் குடும்பத்தைக் கெடுக்கும். அன்றாடக் கூலியைத் தவறணையிலே தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வீடுசெல்பவனின் மனைவிக்கு அது பனங்கள்ளா போத்தற் சாராயமா என்ற ஆராய்ச்சி வேண்டியதில்லை. மரத்தால் விழுந்து முதுகெலும்பு முறிந்த தொழிலாளியின் பிள்ளை அந்தத் தொழிலை வெறுப்பதிலும் நியாயம் உண்டு. எம் குற்றச்சாட்டு வேறு. சட்டம் கள்ளையும் சாராயத்தையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பதுபோற் பாவனை செய்துகொண்டு, ஒன்றை இறக்கும் ஏழையைக் குற்றவாளியாகவும் மற்றதை விற்கும் செல்வனை அனுமதிபெற்ற வர்த்தகனாகவும் காண்கிறது.

இந்த ஓரவஞ்சனை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கிவைத்தனர். 1987 ஜனவரி முதல் அங்கே கள்ளிறக்குவது குற்றம். 2003 முதல் போத்தல் மதுவைச் சில்லறையில் விற்கும் ஏகபோகம் அரசின் கையில்! பனையேறி சிறைக்குப் போகிறான். அரசு கடை திறக்கிறது. அயலில் உள்ள கேரளத்திலோ கள்ளுத்தொழிலாளருக்கென 1969இலேயே நலநிதிச் சட்டம் வந்தது. அங்கே தொழிலாளர் சங்கம் பலமாக இருந்தது என்பதைத் தவிர வேறு மந்திரம் எதுவுமில்லை.

இனி, இன்று திருத்தவேண்டுமென்று கூறப்படும் விதிகளைக் கவனிப்போம். மதுவரித் திணைக்களம் நிதியமைச்சின் கீழ் இருக்கிறது. அதாவது வருமானம் தேடும் கையே கட்டுப்படுத்தும் கையுமாகும். பாடசாலையிலிருந்து இத்தனை மீற்றர், வழிபாட்டிடத்திலிருந்து இத்தனை மீற்றர் என்று விதி அளக்கிறது. கூலிவேலை செய்வோர் குடியிருப்பிலிருந்து எத்தனை மீற்றர், கடன்காரனிடம் வாரந்தோறும் தவணை கட்டும் பெண்ணின் படலையிலிருந்து எத்தனை மீற்றர் என்று எந்த வர்த்தமானியும் அளப்பதில்லை. பூரணை தினத்தில் மதுச்சாலை பூட்டப்பட வேண்டும். அன்றிரவு கசிப்பு விற்பவனுக்குத்தான் கொண்டாட்டம்.

பெண்களைப் பற்றிய விதி இன்னும் விசித்திரம். மதுச்சாலை வளவுக்குள் பெண்களுக்கு மது விற்கலாகாது என்று 1979இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தையே திரும்பப்பெறச் செய்தார். நாடே இதுபற்றி விவாதித்தது. பெண் மது வாங்கலாமா என்று இத்தனை பேர் கேட்டார்களே, தன் தெருவில் மதுச்சாலை வேண்டுமா என்று அவளைக் கேட்பதுபற்றி எத்தனை பேர் பேசினர்? சட்டத்தின் கண்ணில் அவள் தடுக்கப்பட வேண்டிய வாடிக்கைக்காரி; கருத்துச் சொல்லும் ஊரவள் அல்லள்.

ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை இந்நாட்டுக்குப் புதியதன்று. வெள்ளையர் காலத்திலேயே அம்முறை இருந்தது. அதன் மூலம் பல தவறணைகள் மூடப்பட்டன. நூறாண்டுக்கு முந்திய ஆட்சியாளர் ஓரளவு கொடுத்ததை, சர்வசன வாக்குரிமை பெற்ற மக்களுக்கு இன்றைய ஆட்சி கொடுக்கத் தயங்குவானேன்? அனுமதிப்பத்திரம் கேட்பவன் பெயர், அவனுக்குப் பின்னால் நிற்பவர் பெயர், சிபாரிசு செய்தவர் பெயர் எல்லாம் பிரதேச செயலகத்தின் சுவரில் ஒட்டப்பட்டு, ஊர் கூடிப் பேசி, வாக்கெடுத்து, அதன்பின்னரே கொழும்புக்குப் போக வேண்டும். கள்ளுத் தவறணையைப் பற்றிய முடிவிற் சீவற்றொழிலாளர் சங்கத்துக்குத் தனி உரிமை வேண்டும். அதை மூடுவதென்றால் கருப்பணிக்கும் பனங்கட்டிக்கும் நிச்சய விலை தரும் ஏற்பாடு மூடும் நாளுக்கு முன்பே வர வேண்டும், பின்பு அல்ல.

ரகுநாதனின் கதையில் எமக்கு ஒரு குறையும் உண்டு. கதை பெரியவரின் மனத்தைத் துருவுவதிலேயே நின்றுவிடுகிறது. வந்தவர்களோடு திரும்பி அவர்கள் குடிசைவரை நடப்பதில்லை. நிலவிற் பேசிவிட்டுச் சென்றவர்கள் வழியில் தமக்குள் என்ன பேசியிருப்பர்? அந்தக் கதையை இன்னும் ஒருவர் எழுத வேண்டியிருக்கிறது. மாணவ நண்பர்கள் முயலட்டும்.

புங்குடுதீவில் அத்தகைய ஊர்க்கூட்டம் ஒன்று கூடுமாயின், அங்கே முதற் சண்டை வாக்காளர் பட்டியலிலேயே எழும். 1990களின் தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளியேறியவர்களும் அவர் பிள்ளைகளும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் சங்கம் அமைத்துக் கோயிலுக்கும் பாடசாலைக்கும் காசு அனுப்புகின்றனர். அவர்களுடைய பற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தீவிலே மதுச்சாலைக்கு முன்னால் வாழப்போகிறவர்கள் அங்கேயே எஞ்சியிருப்போர்: மீன்பிடிப்போர், கூலிக்காரர், பனையேறுவோர், ஆண்துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள். கூட்டம் எந்த மண்டபத்தில் நடக்கும், திறப்பு எவர் கையில் இருக்கும், கதிரையில் எவர், வெளி மணலில் எவர் என்பதை வேலணைப் பிரதேச சபை உறுப்பினர்களிடம் இப்பொழுதே கேட்டு வைப்பது நல்லது.